கருப்பை வாயில் புண்: புற்றுநோயா, அமீபாவா?

லெம்பா பெர்த்தாம் – மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் ஆன பெண்ணுக்கு மறுபடியும் உதிரம் பட்டால், தோட்டப்புறத்தில் அதற்கு இரண்டு விதமான பதில்தான் கிடைக்கும். ஒன்று, “உடம்புச் சூடு, இளநீர் குடி, சரியாகிவிடும்” என்பது. மற்றொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் பெண்ணே மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் சொல் அது: புற்றுநோய். சூடு என்று நம்புகிறவர் மருத்துவமனைக்குப் போவதில்லை. புற்றுநோய் என்று பயப்படுகிறவரும் போவதில்லை. போனால் அது உறுதியாகிவிடுமே என்கிற பயம்.

இந்த இரண்டுக்கும் நடுவே, அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. ஓர் ஒட்டுண்ணி. பெயர் எண்டமீபா இஸ்டோலிட்டிகா. பேச்சு வழக்கில் அமீபா. வயிற்றுக்கடுப்பு, சீதபேதி என்று மூன்று தலைமுறைத் தோட்ட மக்கள் அறிந்திருக்கும் நோய்க்குக் காரணமான அதே உயிரிதான். குடலைப் புண்ணாக்குவது அதன் வழக்கம். சிலரிடம் ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும். மிக அரிதாக, பெண்ணின் பிறப்புறுப்பு வழியாக நுழைந்து கருப்பை வாயில் இடம் பிடித்துக்கொள்ளும். அங்கே அது உண்டாக்கும் புண், வெறும் கண்ணால் பார்க்கும் மருத்துவருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைப் போலவே தெரியும்.

மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, இந்தியா போன்ற நாடுகளின் மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட பெண்களைப் பற்றிய குறிப்புகள் அவ்வப்போது வந்திருக்கின்றன. பலவற்றில் கதை ஏறக்குறைய ஒன்றுதான். புற்றுநோயாக இருக்கும் என்ற சந்தேகத்தோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். அமீபா தெரிகிறது. மாத்திரை கொடுத்த சில வாரங்களில் புண் ஆறுகிறது.

அரிதான நோயைப் பற்றி இவ்வளவு பேசத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். இங்கே நேரக்கூடிய தவறு இரண்டு பக்கமும் கூர்மையானது. அமீபாவைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டால், மாத்திரையில் ஆற வேண்டிய புண்ணுக்காக ஒரு பெண் கருப்பையையே இழக்க நேரிடலாம். புற்றுநோயை “வெறும் கிருமி” என்று எடுத்துக்கொண்டால், சிகிச்சையில் குணமாகக்கூடிய கட்டத்தைக் கோட்டைவிட்டு உயிரையே இழக்கலாம். இரண்டையும் தடுப்பது ஒரே காரியம்தான்: கடுகளவு சதையை எடுத்துச் சோதிப்பது.

குளிர்மலையில் கிருமிக்கு என்ன வேலை?

கேமரன்மலை குளிர்ப் பிரதேசம், இங்கே கிருமி கிடையாது என்ற நம்பிக்கை கீழே ஈப்போவில் இருப்பவர்களுக்கும் உண்டு, மேலே இருப்பவர்களுக்கும் உண்டு. கொசுவைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அமீபா வெயிலையோ கொசுவையோ நம்பி வாழ்வதில்லை. மனித மலம் குடிதண்ணீரோடு கலக்கும் இடம் எதுவானாலும் அதற்குப் போதும்.

அமீபாவுக்கு இரண்டு உருவங்கள் உண்டு. உடலுக்குள் ஊர்ந்து திரிந்து சதையைத் தின்பது ஒன்று. கெட்டியான ஓடு போர்த்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும் கூடு இன்னொன்று. ஊரும் அமீபா வெளியே வந்தால் விரைவில் செத்துவிடும். கூடு அப்படியல்ல. ஈரமான, குளிர்ந்த மண்ணிலும் தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குழாய்த் தண்ணீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் அளவு அதை முழுமையாகக் கொன்றுவிடாது. கொதிக்க வைத்தால் செத்துவிடும். ஆகவே மலைக்குளிர் அமீபாக் கூட்டுக்கு எதிரி என்பதைவிட, காய்ந்துபோகாமல் காக்கும் நண்பன் என்று சொல்வதே பொருந்தும்.

லெம்பா பெர்த்தாமின் நில அமைப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே தானா ராத்தா, பிரிஞ்சாங் நகரங்கள். சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும். இடையிடையே பூர்வக்குடிக் கிராமங்கள். எல்லாவற்றின் கழிவையும் வாங்கிக்கொண்டு இறங்கிவரும் சுங்கை பெர்த்தாம். ரிங்லெட்டில் அந்த ஆற்றுக்குக் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணை. அணைக்குக் கீழே பள்ளத்தாக்கு. 2013 அக்டோபர் 23 அன்று விடியுமுன், அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் சேறாகப் பாய்ந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதை இந்தப் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. வெள்ளம் வரும்போது கழிவுக்குழியும் குடிதண்ணீரும் ஒன்றாகிவிடும் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. கேமரன்மலை ஆறுகளில் மலக்கிருமி கலந்திருப்பது பற்றி, உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பான ரீச்சும் பலமுறை எச்சரித்து வந்திருக்கிறது.

ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டு நேராக வீட்டுக்குக் கொண்டுவருவது மலைப்புறங்களில் நெடுநாள் பழக்கம். பார்க்கக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். மேலே ஒரு வீட்டின் கழிவறை எங்கே வடிகிறது என்பது அந்தத் தெளிவில் தெரியாது.

கோழி எருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பண்ணைகளில் கொட்டப்படும் பச்சைக் கோழி எருவும் அதில் மொய்க்கும் ஈயும் கேமரன்மலைக்காரர்களின் பழைய மனக்குறை. இந்த அமீபா கோழியிடமிருந்து வருவதில்லை; மனித மலத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் ஈ எந்த மலத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தது என்று சொல்லிக்கொண்டு சோற்றில் உட்காருவதில்லை. அமீபாக் கூடுகளை ஈயின் காலும் குடலும் சுமக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி.

இந்த மலையில் அமீபா உண்டு என்பது ஊகம் அல்ல. கேமரன்மலைப் பூர்வக்குடி மக்களின் மலத்தை மரபணு முறையில் சோதித்த மலேசிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. அதற்கு முன்பு நடந்த ஆய்வுகளில் இல்லாத ஒரு நுட்பம் அதில் இருந்தது. நுண்ணோக்கியில் எண்டமீபா இஸ்டோலிட்டிகாவைப் போலவே தெரியும் இன்னொரு அமீபா உண்டு. அதன் பெயர் எண்டமீபா டிஸ்பார். இது குடலில் சும்மா குடியிருக்கும், நோய் தராது. இவை இரண்டும் வேறு வேறு இனங்களாக இருக்கலாம் என்று பிரெஞ்சு அறிவியலாளர் எமில் புரும்ப் 1925-லேயே சொன்னார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1993-இல்தான் அறிவியல் உலகம் முறைப்படி இரண்டையும் பிரித்தது. அதனால் பழைய கணக்குகளில் “அமீபா இருக்கிறது” என்று எழுதப்பட்டவர்களில் பலருக்கு இருந்தது இந்தச் சாது வகைதான். 2006-இல் வந்த ஆய்வு இரண்டையும் பிரித்துப் பார்த்து, நோய் தரும் வகையும் இங்கே இருப்பதை உறுதி செய்தது.

தோட்டங்களின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களைக் கொன்ற நோய்களில் மலேரியாவுக்கு அடுத்து எப்போதும் பேசப்பட்டது சீதபேதிதான். 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர், மார்கரெட் ஜெப்ஸ் இருவரும் மலாய் மாநிலங்களின் சீதபேதியைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். தோட்டத்து டிரெஸ்ஸர் தரும் கசப்பு மருந்தும் லயத்துக் கோடியில் இருந்த பொதுக் கழிவறையும் பழைய ஆட்களுக்கு இன்றும் நினைவிருக்கும். வீட்டுக்கு வீடு கழிவறை வந்த பிறகு சீதபேதி வெகுவாகக் குறைந்தது. குறைந்தது, ஒழியவில்லை.

குடலிலிருந்து எப்படிப் போகிறது?

அமீபாக் கூட்டை விழுங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர்கள் நன்றாகவே இருப்பார்கள். மலத்தில் மட்டும் கூடுகள் போய்க்கொண்டிருக்கும். மீதி ஒருவருக்குத்தான் அது குடல் சுவரைத் துளைக்கிறது. இஸ்டோலிட்டிகா என்ற பெயருக்கே “திசுவைக் கரைப்பது” என்றுதான் பொருள். பக்கத்தில் இருக்கும் மனிதச் செல்லை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அது உயிரோடு இருக்கும்போதே துண்டு துண்டாகக் கடித்துத் தின்கிறது என்பதை அமெரிக்காவின் வர்ஜினியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் படம்பிடித்துக் காட்டினார்கள்.

மலவாயும் பெண்ணின் பிறப்புறுப்பும் விரல்கடை தூரத்தில் இருக்கின்றன. இரத்தமும் சளியுமாகப் போகும் நாட்களில் பின்னாலிருந்து முன்னால் கழுவினால், உயிருள்ள அமீபாவைக் கையாலேயே கொண்டுபோய் விட்டது போல ஆகிவிடும். பெரும்பாலும் இதுதான் வழி. மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே சுவர் ஓட்டையாகிப்போன பெண்களுக்கு, உதாரணமாகக் கடினமான பிரசவத்தில் கிழிந்தவர்களுக்கு, ஆபத்து இன்னும் அதிகம். உடலுறவு வழியாகவும் பரவ முடியும். குடலில் தொல்லை இல்லாத கணவர் கூடுகளைச் சுமந்துகொண்டிருக்கலாம் என்பதும் உண்டு.

இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயும் கழிவறையும் சரியில்லாத வீட்டில் யாருக்கும் வரக்கூடிய கிருமி இது.

முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பதைப் பெண் குழந்தைகளுக்குத் தாய்மார்கள் சொல்லிக் கொடுப்பது வழக்கம். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கும் அதே முறைதான் என்பது பல வீடுகளில் மறந்துபோகிறது. டயப்பர் கட்டிய கைக்குழந்தைக்கும் அப்படியே. பிறப்புறுப்பு அமீபா வயது பார்ப்பதில்லை.

பார்த்தால் ஒன்று போல

அறிகுறிகளை வரிசைப்படுத்தினால் இரண்டு நோயும் ஒன்றுபோலவே இருக்கும். இரத்தம் கலந்த, கெட்ட வாடை அடிக்கும் வெள்ளைப்படுதல். உறவுக்குப் பிறகு இரத்தம். அடிவயிற்றில் வலி. மாதவிலக்கு நின்றவருக்கு மறுபடியும் உதிரம். கருவி வைத்துப் பார்க்கும்போது கருப்பை வாயில் அரித்துப்போன புண், அதன் அடியில் அழுகிய சதை, ஓரம் தடித்து, லேசாகத் தொட்டாலே இரத்தம் கசியும். அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவரின் மனத்தில் முதலில் வருவது புற்றுநோய்தான். அப்படி வருவதில் தவறும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது தடவைக்கும் மேல் அமீபாவாக இருக்கப் போவதில்லை.

நுண்ணோக்கியிலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையில், அமீபா உடலின் சொந்தத் துப்புரவுச் செல்லைப் போலவே தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. புண்ணைச் சுற்றியுள்ள தோல் செல்கள் எரிச்சலால் தாறுமாறாக வளர்ந்திருப்பதைப் பார்த்துப் புற்று என்று நினைத்துவிடவும் வாய்ப்பு உண்டு. அமீபாவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அதன் வயிற்றில் இருக்கிறது: விழுங்கப்பட்ட சிவப்பணுக்கள். செல்லுக்குள் சிவப்பணுக்கள் கிடந்தால் ஆய்வுக்கூடத்தார் நிமிர்ந்து உட்காருவார்கள். அமீபாவைப் பளிச்சென்று எடுத்துக்காட்டும் சாயமும் இருக்கிறது. ஆனால் அமீபாவாக இருக்கலாம் என்ற எண்ணம் வந்தால்தான் அந்தச் சாயத்தை எடுப்பார்கள்.

அந்த எண்ணத்தை வரவழைக்கக்கூடியவர் நோயாளிதான். “போன மாதம் வயிற்றுக்கடுப்பு இருந்தது, சளியும் இரத்தமுமாகப் போனது” என்ற ஒரு வரி, மருத்துவர் எழுதும் சீட்டில் ஏறி, ஆய்வுக்கூடம் வரை போனால் அங்கே பார்க்கும் கண் மாறிவிடும். பெண்களுக்கான கிளினிக்கில் போய் வயிற்றுப்போக்கைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று பெரும்பாலோர் சொல்வதில்லை. மருத்துவரும் கேட்பதில்லை. இந்த நோய் தப்பிப்போவது அந்த மௌனத்தில்தான்.

அமீபா மட்டும்தான் இப்படி வேடம் போடுகிறது என்று எண்ண வேண்டாம். பிள்ளைகளின் ஆசனவாயில் இரவில் அரிப்பு உண்டாக்கும் கீரிப்பூச்சி, பெண்களிடம் வழிதவறிப் பிறப்புறுப்புக்குள் ஏறி, கருக்குழாயிலோ சூலகத்திலோ செத்துப்போவதுண்டு. அதன் முட்டைகளைச் சுற்றி உடல் கட்டும் கெட்டியான முடிச்சு ஸ்கேனில் கட்டியாகத் தெரியும். நாய் வழியாகப் பரவும் ஒரு நாடாப்புழுவின் நீர்க்கட்டி, சூலகப் புற்றோ என்று அறுவை மருத்துவரைத் திகைக்க வைத்ததும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூட்டம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நன்னீர் நத்தையிலிருந்து வெளிவந்து, ஆற்றில் இறங்குகிறவரின் தோலைத் துளைத்து நுழையும் இரத்தப்புழுவின் முட்டைகள் கருப்பை வாயில் மணல்மணலாகப் படிந்து புண்ணாகின்றன. சகாராவுக்குத் தெற்கே 5 கோடியே 60 லட்சம் பெண்கள் வரை இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களில் பலருக்கு “பாலியல் நோய்” என்றோ “புற்று” என்றோ தவறான பெயர் சூட்டப்படுகிறது. மருந்து விலை மலிவானது. பெயர்தான் தவறாகிவிடுகிறது.

ஆப்பிரிக்கா வெகுதூரம் என்று நினைக்கிறவர்களுக்குப் பகாங்கிலேயே ஒரு செய்தி உண்டு. இறந்துபோன பூர்வக்குடி ஒருவரின் ஈரலில் இரத்தப்புழுவின் முட்டைகள் இருந்ததை, மலேசியாவின் முதல் நேர்வாக முருகசு, திசாநாயக்க என்ற இரு மருத்துவ அறிவியலாளர்கள் 1973-இல் பதிவு செய்தார்கள். அதுவரை இந்த நாட்டில் அந்த நோய் இருப்பதாக யாருக்கும் தெரியாது. தேடிப்போனவர்கள் காட்டு எலியிடமும், மிகச் சிறிய ஓர் ஓடை நத்தையிடமும் அந்தப் புழுவைக் கண்டார்கள். 1988-இல் அதற்குச் சிஸ்டோசோமா மலேயென்சிஸ் என்று இந்த மண்ணின் பெயரே வைக்கப்பட்டது. இந்த மலேசியப் புழு ஆப்பிரிக்கப் புழுவைப் போலக் கருப்பை வாயைத் தாக்கும் வகை அல்ல. முட்டைகள் கிடந்தது ஈரலில். ஆனால் ஒருவர் தேடிப் பார்க்கும்வரை ஒரு நோய் “இங்கே இல்லை” என்றே எல்லாரும் நம்பிக்கொண்டிருக்க முடியும் என்பதற்குப் பகாங் காடே சாட்சி.

மருந்தும் அதில் உள்ள கண்ணியும்

அமீபாவுக்கு ஒருகாலத்தில் மருந்தே பெரிய வேதனையாக இருந்தது. 1912-இல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் எமட்டின் என்ற ஊசி மருந்தைப் பயன்படுத்திக் காட்டினார். அமீபாவைக் கொல்லும், ஆனால் இதயத்தையும் தாக்கும் என்பதால் நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருக்க வேண்டும். பிறகு மெட்ரோனிடசோல் வந்தது. அது முதலில் பெண்களுக்காகவே வந்த மருந்து என்பது பலருக்குத் தெரியாது. டிரைக்கோமோனாஸ் என்ற பிறப்புறுப்பு ஒட்டுண்ணிக்கு எதிராக 1959-இல் பிரான்சில் அறிமுகமானது. அமீபா சீதபேதியையும் ஈரல் சீழ்க்கட்டியையும் அதே மாத்திரை குணப்படுத்தும் என்று 1966-இல் காட்டியவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மருத்துவர்கள். 1860-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற முதல் கப்பல் கரை தட்டிய அதே டர்பன்தான்.

இன்றும் கருப்பை வாய் அமீபாவுக்கு முதல் மருந்து இதுதான். அதை முடித்த பிறகு, குடலில் மிச்சமிருக்கும் கூடுகளை அழிக்க இன்னொரு மருந்து தேவைப்படும். மெட்ரோனிடசோல் மட்டும் அந்தக் கூடுகளை முழுமையாகத் துடைக்காது. பாதியில் விட்டால் குடலிலிருந்து மறுபடியும் கிளம்பும்.

மலேசியாவில் இந்த மாத்திரை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத வகை. அப்படியிருந்தும் பக்கத்து வீட்டில் மீந்துபோன நாலு மாத்திரை கைமாறுவது நடக்கத்தான் செய்கிறது. இங்கேதான் கண்ணி இருக்கிறது. புற்றுநோய்ப் புண்ணில் சாதாரணக் கிருமிகளும் குடியிருக்கும். வாடைக்குக் காரணம் பல நேரம் அவைதான். மெட்ரோனிடசோல் அவற்றையும் கொல்லும். வாடை போய்விடும், வெள்ளைப்படுதலும் குறையும். “மாத்திரை கேட்டுவிட்டது” என்று அந்தப் பெண் நிம்மதியடைவார். உள்ளே புற்று தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். அதைவிடச் சிக்கலாக, அமீபாவும் புற்றுநோயும் ஒரே கருப்பை வாயில் சேர்ந்தே இருந்த பெண்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. அமீபா தெரிந்துவிட்டது என்பதற்காகப் புற்று இல்லை என்று ஆகிவிடாது.

எனவே சதைத் துணுக்கு எடுக்காமல் மருந்து விழுங்குவதும் தவறு, சதைத் துணுக்கு எடுக்காமல் கருப்பையை அகற்ற ஒப்புக்கொள்வதும் தவறு. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்கும்போது, “டாக்டர், பயாப்சி முடிவு வந்துவிட்டதா? அதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்க எந்த நோயாளிக்கும் உரிமை உண்டு. மலாயில் கேட்கத் தயங்குகிறவர்கள், படித்த மகளையோ மருமகளையோ உடன் அழைத்துப் போகலாம்.

எங்கே போவது

லெம்பா பெர்த்தாம்காரர்களுக்கு முதல் படி ரிங்லெட் சுகாதாரக் கிளினிக். அங்கிருந்து தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் நிபுணர்கள் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஈப்போ பைனுன் மருத்துவமனை மலைக்காரர்களுக்குப் பழக்கமான இடம். குடியுரிமை உள்ளவருக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளி கட்டணம் 1 வெள்ளி. பணம் தடை இல்லை. ஒருநாள் சம்பளமும் பயணமும் கூச்சமும்தான் தடை. நீல அடையாள அட்டை இல்லாத தோட்டத்துப் பெண்களுக்குக் கட்டணமும் தடைதான். அவர்கள் விஷயத்தைத் தோட்ட நிர்வாகமும் சமூக இயக்கங்களும் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆண் மருத்துவர் பார்ப்பாரே என்ற கூச்சம் இருந்தால், தாதியரிடமே சொல்லிப் பெண் மருத்துவரைக் கேட்கலாம். பாப் ஸ்மியர் எடுப்பது பெரும்பாலும் தாதியர்தான். மலேசியாவில் இச்சோதனை 1969 முதல் நடந்து வருகிறது. 2019-லிருந்து கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி கிருமியை நேரடியாகத் தேடும் புதிய சோதனையும் அரசாங்கக் கிளினிக்குகளுக்கு வரத் தொடங்கியது. இதற்குப் பஞ்சுக் குச்சியைப் பெண்ணே மறைவில் போய்த் தானே வைத்து எடுத்துத் தரலாம். மற்றவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான சோதனை. ஏற்கெனவே இரத்தமும் வாடையும் உள்ளவர் குச்சிச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அவரை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். எச்பிவி சோதனை அமீபாவைக் காட்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பள்ளியில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 2010 முதல் போடப்படும் எச்பிவி தடுப்பூசி புற்றுநோயைத் தடுப்பதற்கு. அமீபாவுக்குத் தடுப்பூசி கிடையாது. அதற்குக் கொதித்த தண்ணீர், சோப்புப் போட்டுக் கழுவிய கை, மூடி வைத்த சோறு, ஓடையில் வடியாத கழிவறை இவைதான். பண்ணையிலிருந்து வரும் கீரையையும் சாலட் இலையையும் பச்சையாகத் தின்பவர்கள் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத் தின்பது நல்லது.

சோதனையில் அமீபா என்று வந்துவிட்டால், அந்தப் பெண்ணோடு வேலை முடிந்துவிடாது. கணவரையும் சோதிக்க வேண்டும். மருந்து சாப்பிடும் நாட்களிலும் முடிந்து மூன்று நாள் வரையிலும் அவர் பீரையும் சம்சுவையும் தொடக்கூடாது. மெட்ரோனிடசோலும் மதுவும் சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம். ஒரே குழாய்த் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாருடைய மலத்தையும் பார்த்துவிடுவது முறை. சமைக்கிறவருடையதை முதலில். புண் ஆறிய பிறகு சில வாரம் கழித்து, கருப்பை வாயிலிருந்து மறுபடியும் ஒருமுறை மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். இரத்தம் நின்றுவிட்டது, வாடை இல்லை, கொழுந்துப் பருவம் வேறு என்று பலர் தவறவிடுவது இந்தக் கடைசி நாளைத்தான். ஆறிய தோலுக்கு அடியில் வேறு ஏதாவது ஒளிந்திருந்தால் அது தெரிவதும் அன்றைக்குத்தான்.